போட்டோ ஃபோல்டரைத் திறந்தா மட்டும் ஹேங் ஆகுற வீட்டு சர்வர்

பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை எடுத்து, அதுல லினக்ஸ் போட்டு, ஹார்ட் டிஸ்க் மாட்டி, வீட்டு ஃபைல் சர்வரா வச்சிருக்கிறவங்க நம்ம லிசனர்ஸ்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்ககிட்ட இருந்து எனக்கு வர்ற கேள்வியில பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "ப்ரோ, சர்வர்ல இருந்து படம் நல்லா ஓடுது. லேப்டாப்ல இருந்து ஃபோல்டர் உள்ள போய் பார்க்கும்போது மட்டும் ஹேங் ஆகுது. சாம்பாவை ரீ-இன்ஸ்டால் பண்ணவா? ரவுட்டரை மாத்தவா?"

ரெண்டும் வேண்டாம். முதல்ல ஒரு விஷயம். ஹேங்னு நாம சொல்றது முக்கால்வாசி நேரம் கோளாறே கிடையாது. யாரோ யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்காங்க, அவ்வளவுதான். லேப்டாப் சர்வருக்காகக் காத்திருக்கு. சர்வர்ல இருக்கிற சாம்பா, லினக்ஸ் கெர்னலுக்காகக் காத்திருக்கு. கெர்னல் டிஸ்க்குக்காகக் காத்திருக்கு. அந்த வரிசையோட கடைசி ஆள் யாருன்னு தெரிஞ்சா வேலை பாதி முடிஞ்சுது.

இதை ஒரு நிஜ கேஸ் வச்சே சொல்றேன். எங்க மாமா வீடு பிள்ளைச்சாவடியில இருக்கு. தெரியாதவங்களுக்கு: புதுச்சேரியில இருந்து ஈசிஆர்ல வடக்கால போனா காலாப்பட்டை ஒட்டி வர்ற கடற்கரை ஊர். முன்னாடி புதுச்சேரி பொறியியல் கல்லூரின்னு இருந்து, இப்போ தொழில்நுட்பப் பல்கலைக்கழகமா ஆகியிருக்கே, அது இருக்கிற ஊர். 1980-களோட கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டின பிறகு, கடல் கொண்டு வர்ற மணல் தெற்குப் பக்கமே தங்கிடுச்சு. வடக்குப் பக்க ஊர்கள்ல கரை அரிச்சுக்கிட்டே வந்துச்சு. பிள்ளைச்சாவடியும் அதுல ஒண்ணு. மாமா 2005-ல இருந்து கேமராவும் கையுமா இருக்கிற ஆள். அவர் எடுத்த போட்டோல இருக்கிற மணலும் சில வீடுகளும் இப்போ அங்க இல்ல. அதனால அந்த சர்வர்ல இருக்கிறதைத் திரும்பப் போய் எடுத்துக்க முடியாது.

சர்வர்னா பெருசா ஒண்ணும் இல்ல. பழைய டெஸ்க்டாப், 4 டிபி டிஸ்க் ஒண்ணு, டெபியன், சாம்பா. பிரச்சினை இதுதான்: லேப்டாப்ல 'போட்டோஸ்' ஃபோல்டரைத் திறந்தா எக்ஸ்ப்ளோரர் மேல அந்தப் பச்சைக் கோடு மெதுவா நகரும், அப்புறம் ஜன்னல் வெள்ளையாகிடும். அதே நேரத்துல ஹால்ல டிவியில ஓடிக்கிட்டிருக்கிற படமும் நின்னுடும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல எல்லாம் தானா சரியாகும். "மாப்ள, உப்புக் காத்துதான். இல்லன்னா அந்த ஃபெஞ்சல் புயல்ல கரண்ட் போய் போய் வந்துச்சே, அதுல ஏதோ ஆகியிருக்கும்"னு மாமா முடிவே பண்ணிட்டார். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல் அது. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. சந்தேகப்படுறதுக்கு நியாயம் இருக்கு. ஆனா சந்தேகத்தை வச்சு டிஸ்க் மாத்த முடியாதில்ல?

இங்கயே ஒரு பெரிய துப்பு இருக்கு. டிவியும் சேர்ந்து நின்னுச்சு.

சாம்பா வேலை செய்யற விதம் என்னன்னா, கனெக்ட் ஆகுற ஒவ்வொரு கருவிக்கும் அது தனியா ஒரு ப்ராசஸ் ஆரம்பிக்கும். லேப்டாப்புக்கு ஒண்ணு, டிவிக்கு ஒண்ணு. லேப்டாப்போட ப்ராசஸ் மட்டும் மாட்டிக்கிட்டா டிவி பாட்டுக்கு ஓடணும். ரெண்டும் ஒண்ணா நிக்குதுன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற ஏதோ ஒண்ணுதான் நிக்குது. நெட்வொர்க்கா இருக்கலாம், கெர்னலா இருக்கலாம், டிஸ்க்கா இருக்கலாம். லேப்டாப்போட விண்டோஸ் செட்டிங் மேல இருந்த சந்தேகம் அங்கயே போச்சு.

(சாம்பாங்கிற பேர் எப்படி வந்துச்சு தெரியுமா? 1990-களோட தொடக்கத்துல ஆஸ்திரேலியாவுல கான்பராவுல ஆராய்ச்சி மாணவரா இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதின சாஃப்ட்வேர் இது. பழைய பேர் வேற ஒருத்தரோட வணிகப் பேரா இருந்ததால மாத்த வேண்டி வந்துச்சு. எஸ், எம், பி இந்த மூணு எழுத்தும் வரிசையா வர்ற வார்த்தையை கம்ப்யூட்டர்ல இருந்த அகராதியில தேடினார். சாம்பா கிடைச்சுது. நம்ம ஊர்ல தேடியிருந்தா சாம்பார் ஆகியிருக்கும்.)

அடுத்து நெட்வொர்க். ஹேங் ஆகியிருக்கிற அந்த நிமிஷத்துலயே இன்னொரு ஜன்னல்ல சர்வருக்கு பிங் போட்டேன். பதில் ஒழுங்கா வந்துச்சு, ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல. பிங்குக்கு பதில் சொல்றது கெர்னல். அப்போ மெஷின் உயிரோட இருக்கு, ஒயரும் வைஃபையும் நல்லா இருக்கு. உங்க வீட்டுல இந்த இடத்துல பிங் 3 மில்லிசெகண்ட், 900 மில்லிசெகண்ட், பதிலே இல்லன்னு தாவித் தாவி வந்தா, மேல கேக்க வேண்டாம், வைஃபையைப் பாருங்க. லேப்டாப்பை ஒரு லேன் கேபிள்ல மாட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

அப்புறம் நான் எல்லாருக்கும் சொல்ற டெஸ்ட். நெட்வொர்க் வழியா ஹேங் ஆகுற அதே வேலையை, சர்வர் உள்ளயே உக்காந்து பண்ணிப் பாருங்க. எஸ்எஸ்ஹெச்ல உள்ள போனேன், லாகின் ஆச்சு. அந்த போட்டோ ஃபோல்டர்ல இருக்கிற எல்லா ஃபைலையும் ஒருதடவை படிக்கச் சொல்லி ஒரு கமாண்ட் கொடுத்தேன். சாம்பா இல்ல, விண்டோஸ் இல்ல, வைஃபை இல்ல. அங்கயும் நின்னுச்சு. கண்ட்ரோல்-சி அடிச்சா கூட அசையல.

அசையாததுக்கும் ஒரு காரணம் இருக்கு. லினக்ஸ்ல ப்ராசஸ் லிஸ்ட் பார்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிலை எழுத்து இருக்கும். 'டி'ன்னு இருந்தா, அது டிஸ்க் மாதிரி ஒரு கருவியோட பதிலுக்காகக் காத்திருக்கு, பதில் வர்ற வரைக்கும் அதை எழுப்ப முடியாதுன்னு அர்த்தம். கில் மைனஸ் நைன் போட்டாலும் சாகாது. மளிகைக் கடையில ஒரு சாமான் கேட்டோம், கடைக்காரர் குடோன் உள்ள தேடப் போயிட்டார், திரும்பி வரல. கல்லாவுல ஆள் இல்ல. நாம வெளிய நின்னு கத்தினா அவருக்குக் கேக்காது. பின்னாடி கியூ நீளுது. லினக்ஸ் அந்த கியூவையும் லோட் ஆவரேஜ்ல சேர்த்துக்கும். அதனாலதான் சிபியு சும்மா இருக்கு, லோட் ஆவரேஜ் மட்டும் 8, 10னு ஏறுது. இதைப் பார்த்து "ப்ராசஸர் பத்தல"ன்னு புது மெஷின் வாங்கினவங்க எனக்குத் தெரியும். பாவம்.

கெர்னல் தன்னோட டைரியில என்ன எழுதி வச்சிருக்குன்னு பார்க்கிற கமாண்ட், டி-மெசேஜ். அதுல ரெண்டு விதமான வரி இருந்துச்சு. ஒண்ணு, சாம்பாவோட ப்ராசஸ் 120 செகண்டுக்கு மேல தடைபட்டு நிக்குதுங்கிற எச்சரிக்கை. 120 செகண்ட்ங்கிறது கெர்னல் வச்சிருக்கிற அளவு. அதைத் தாண்டினா எழுதி வைக்கும். பல பேர் இந்த வரியை கூகுள் பண்ணிட்டு, "சாம்பாவுல பக்"னு முடிவுக்கு வந்துடறாங்க. சாம்பா இங்க பாதிக்கப்பட்ட ஆள், குற்றவாளி இல்ல. அதுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற வரிகள்தான் முக்கியம்: டிஸ்க்கைப் படிக்கச் சொன்ன கமாண்ட் தோல்வி, சாட்டா இணைப்பை ரீசெட் பண்றேன். அதுக்கு அப்புறம் திரும்பவும் அதே.

இப்போ டிஸ்க்கா, கேபிளா? ஹார்ட் டிஸ்க் தன்னைப் பத்தித் தானே வச்சிருக்கிற கணக்குக்கு ஸ்மார்ட்னு பேர். அதுல நிறைய நம்பர் இருக்கும், பயந்துடாதீங்க. இந்த வேலைக்கு மூணு போதும். 199-ஆம் நம்பர், கேபிள்ல டேட்டா போகும்போது வந்த பிழைகளோட எண்ணிக்கை. உப்புக் காத்துல கனெக்டர் அரிச்சிருந்தா, கேபிள் தளர்ந்திருந்தா, ஏறுறது பெரும்பாலும் இதுதான். இது எப்பவோ ஏறினதுன்னா அப்படியே நிக்கும், திரும்ப சைபர் ஆகாது. அதனால இன்னைக்கும் நாளைக்கும் பார்த்து, ஏறுதான்னு பாருங்க. மாமா வீட்டு டிஸ்க்ல அது சைபர். உப்புக் காத்து இந்த ஒரு கேஸ்ல நிரபராதி. 5-ஆம் நம்பர், கெட்டுப்போய் மாத்து இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முயற்சி பண்ணி படிக்க முடியாம, என்ன பண்றதுன்னு டிஸ்க் முடிவு பண்ணாம வச்சிருக்கிற செக்டர்கள். அது 24-ல நின்னுச்சு. கூடவே 9-ஆம் நம்பர், ஓடின மணி நேரம்: 41,000 சொச்சம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம்னா, கணக்குப் போட்டுக்கோங்க.

இவ்வளவுக்கும் மேல அந்த ரிப்போர்ட்டோட தலைப்புல "பாஸ்டு"ன்னு இருக்கும்! அந்த ஒத்தை வார்த்தையை நம்பாதீங்க. கூகுள் 2007-ல தன்னோட டேட்டா சென்டர்கள்ல இருந்த 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. செத்துப்போன டிஸ்க்குகள்ல 56 சதவீதத்துக்கு மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் கணக்குல எதுலயும் ஒரு எண்ணிக்கை கூட ஏறியிருக்கல. அதாவது ஸ்மார்ட் அமைதியா இருந்தா நிம்மதின்னு அர்த்தம் இல்ல. ஆனா ஸ்மார்ட் பேச ஆரம்பிச்சுட்டா கண்டிப்பா கேக்கணும்.

சரி, ஒரு சில செக்டர் போனதுக்கு எதுக்கு மொத்த வீடும் நிக்கணும்? எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியலன்னா சீக்கிரம் கைவிடாது. தலையைத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டு போய் முயற்சி பண்ணும். ஒரு நிமிஷம், அதுக்கு மேல கூட ஆகலாம். ஏன்னா அது தயாரிக்கப்பட்டது தனியா இருக்கிற டிஸ்க்குக்கு. வேற காப்பி இருக்காதுன்னு நினைச்சு உயிரைக் கொடுத்து மீட்கப் பார்க்கும். லினக்ஸ் கெர்னலோ ஒரு டிஸ்க் கமாண்டுக்கு 30 செகண்ட்தான் பொறுமையா இருக்கும். 30 ஆனதும் "டிஸ்க் செத்துடுச்சு போல"ன்னு இணைப்பையே ரீசெட் பண்ணும். ரீசெட் ஆனதும் அதே செக்டரை மறுபடி கேக்கும். டிஸ்க் மறுபடி முதல்ல இருந்து முயற்சி. இப்படி நாலு சுத்து சுத்தினா ரெண்டு நிமிஷம் போச்சு. அந்த ரெண்டு நிமிஷமும் டிவியோட படம், லேப்டாப், எல்லாரும் அதே டிஸ்க் வாசல்ல கியூ.

என்.ஏ.எஸ்.னு போட்டு விக்கிற டிஸ்க்குகள்ல பெரும்பாலும் இந்த முயற்சிக்கு 7 செகண்ட்னு எல்லை வச்சிருப்பாங்க. பக்கத்து டிஸ்க்ல காப்பி இருக்கும், சீக்கிரம் தோல்வியை ஒத்துக்கிட்டா ரெய்டு அங்க இருந்து எடுத்துக்கும்.

ஏன் படம் ஓடும்போது இல்லாம ஃபோல்டர் பார்க்கும்போது மட்டும்? படம்ங்கிறது ஒரே ஒரு ஃபைல், வரிசையா படிக்கிறது, டிவியும் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வச்சுக்கும். ஃபோல்டரைத் திறக்கிறது அப்படி இல்ல. 6,000 போட்டோ இருக்கிற ஃபோல்டர்னா, ஒவ்வொரு ஃபைலுக்கும் பேர், அளவு, தேதி கேக்கணும். பெரிய ஐகான் வியூல இருந்தா ஒவ்வொரு போட்டோவையும் திறந்து படிச்சு தம்ப்நெயில் செய்யணும். ஒரு ஃபைலைத் தேடப் போய் நீங்க ஆயிரம் ஃபைலைத் தொடறீங்க. அதுல ஒண்ணு கெட்ட செக்டர்ல உக்காந்திருந்தா முடிஞ்சுது. (டிஸ்க் நல்லா இருந்து, ஃபோல்டர் மெதுவா மட்டும் திறக்குதுன்னா, வியூவை டீடெயில்ஸுக்கு மாத்திப் பாருங்க. பெரும்பாலும் அதுவே போதும்.)

ஹேங் ஆகுற தாளம் வீட்டுக்கு வீடு வேற மாதிரி இருக்கும், அதைக் கவனிங்க. ரொம்ப நேரம் கழிச்சு முதல் தடவை திறக்கும்போது மட்டும் ஒரு பத்து செகண்ட் நின்னு, அப்புறம் ஜம்முனு ஓடினா டிஸ்க் தூங்கி எழுந்திருக்கு. கோளாறு இல்ல, தூங்குற நேரத்தைக் கூட்டி வைங்க. எப்பவும் அதே ஃபோல்டர்ல நின்னா மாமா வீட்டு கேஸ். ராஸ்பெர்ரி பையில யுஎஸ்பி டிஸ்க் மாட்டியிருக்கிறவங்க முதல்ல பவர் அடாப்டரைப் பாருங்க. வோல்டேஜ் குறைஞ்சா டி-மெசேஜ்லயே எழுதியிருக்கும். யாராவது பெருசா காப்பி பண்ணும்போது மட்டும் மத்தவங்க எல்லாம் நின்னா, டிஸ்க் எஸ்.எம்.ஆர். வகையான்னு பாருங்க. ஓட்டு வீட்டுக் கூரையில ஓடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும் இல்லையா, அதே மாதிரி டேட்டா தடங்களை ஒண்ணு மேல ஒண்ணா கொஞ்சம் ஏத்தி எழுதுற முறை அது. நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா மேல இருக்கிறதை எல்லாம் எடுத்து வைக்கணும். அதனால எழுதறது திடீர்னு படுத்துடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்னோட ரெட் வரிசையில சில டிஸ்க்குகள் இந்த வகைன்னு 2020 ஏப்ரல்லதான் வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க, அதுவும் வாங்கினவங்க தோண்டித் துருவின பிறகு.

இன்னொண்ணு: விண்டோஸ்ல 'நெட்வொர்க்'கை க்ளிக் பண்ணிட்டு சர்வர் பேர் வரும்னு பச்சைக் கோட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது. அது ஹேங் இல்ல. 2017 மே மாசம் வானாக்ரை ரான்சம்வேர் எஸ்எம்பி-யோட பழைய முதல் பதிப்புல இருந்த ஓட்டை வழியாத்தான் உலகம் பூரா பரவுச்சு. அந்தப் பதிப்பைக் கைவிடற முடிவு ஏற்கெனவே இருந்தது. அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணினா அது இருக்காது. பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு லிஸ்ட் காட்டின பழைய வழியும் அதோட போச்சு. சர்வரோட ஐபி நம்பரை அட்ரஸ் பார்ல நேரா அடிங்க, திறக்கும். லிஸ்ட்லயும் வரணும்னா சர்வர்ல 'டபிள்யூ-எஸ்-டி-டி'ன்னு ஒரு சின்ன புரோகிராம் போடணும்.

பிள்ளைச்சாவடிக்குத் திரும்ப வருவோம். காரணம் தெரிஞ்சதும் நான் முதல்ல பண்ணது சாம்பாவை நிறுத்தினது. "மாப்ள, ரீஸ்டார்ட் பண்ணிடவா?"ன்னு மாமா பட்டன்கிட்ட போயிட்டார். வேண்டாம் மாமா. சாகப்போற டிஸ்க்குக்கு ஒவ்வொரு ஸ்டார்ட்டும் ஒரு சோதனை. இன்னொண்ணு, இந்த நேரத்துல எஃப்.எஸ்.சி.கே. போடாதீங்க. அது ஃபைல் சிஸ்டத்தைச் சரி பண்றேன்னு கெட்ட டிஸ்க் மேலயே எழுதும். சரி பண்றது எல்லாம் காப்பி மேலதான்.

ஈசிஆர்ல இருந்து டவுனுக்குப் போய் அதே அளவுல புது டிஸ்க் வாங்கிட்டு வந்தோம். காப்பிக்கு ஜிஎன்யு டிடி-ரெஸ்க்யூ. சாதாரண காப்பி, பிழை வந்த இடத்துல நின்னுடும். இது கெட்ட இடத்தைத் தாண்டிக் குதிச்சு, நல்லதை எல்லாம் முதல்ல எடுத்துக்கும். கஷ்டமானதைக் கடைசியில வந்து நோண்டும். எது வரைக்கும் வந்தோம்னு ஒரு மேப் ஃபைல்ல குறிச்சு வச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: எது பழைய டிஸ்க், எது புதுசுன்னு சீரியல் நம்பரைப் பார்த்து ரெண்டு தடவை உறுதி பண்ணுங்க. திசை மாறினா வெறும் டிஸ்க்கை எடுத்து போட்டோ மேல எழுதிடும். நான் ஸ்டிக்கர் நம்பரை மாமாவைச் சத்தமா படிக்கச் சொல்லி ஸ்க்ரீன்ல இருந்ததோட ஒத்துப் பார்த்த பிறகுதான் என்டர் தட்டினேன்.

ராத்திரி பூரா ஓடி, மறுநாள் மத்தியானம் முடிஞ்சுது. 197-ல 24-னு இருந்தாலும் கெட்ட இடம் அதைவிட அதிகம் இருந்துச்சு, ஏன்னா யாரும் தொட்டே பார்க்காத செக்டர் அந்தக் கணக்குல வராது. கடைசி வரைக்கும் வராம போனது 200 கிலோபைட் கூட இல்ல. அது எந்த ஃபைல்ல விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கவும் வழி இருக்கு: காப்பியில அந்த ஓட்டைகளை மட்டும் நமக்குத் தெரிஞ்ச ஒரு வார்த்தையால நிரப்பிட்டு, அந்த வார்த்தை எந்த ஃபைல் உள்ள இருக்குன்னு தேடணும். மூணு ஃபைல் மாட்டுச்சு. ஒண்ணு கல்யாண வீடியோ, நடுவுல அரை செகண்ட் கட்டம் கட்டமா வரும். ஒண்ணு அத்தையோட போன்ல இன்னொரு காப்பி இருந்துச்சு. மூணாவது 2008-ல கரையில இருந்து எடுத்த போட்டோ. மேல் பாதியில பழைய வீடுகளும் தென்னை மரமும் நல்லா இருக்கு, கீழ்ப் பாதி சாம்பல் கலர். மாமா அதை டெலிட் பண்ண விடல.

புது டிஸ்க்ல 7 செகண்ட் எல்லை செட் ஆகுது, ஆனா பவர் போனா மறந்துடும், அதனால ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் போடற மாதிரி எழுதி வச்சேன். உங்க டிஸ்க் அந்த எல்லையை ஏத்துக்கலன்னா எதிர்ப்பக்கம் பண்ணுங்க: கெர்னலோட 30 செகண்டை 180 ஆக்குங்க. ஹேங் அதனால குறையாது. ஆனா ரீசெட் சுத்து நின்னு, எந்த ஃபைல்ல பிழைங்கிறது ஒழுங்கா வெளிய வரும். ஸ்மார்ட் கணக்கைத் தானா பார்த்து, 5-ஓ 197-ஓ அசைஞ்சா மெயில் அனுப்பற புரோகிராமையும் ஓட விட்டிருக்கேன். ரெண்டாவது காப்பி ஒரு வெளி டிஸ்க்ல, கடல்ல இருந்து தள்ளி, திண்டிவனத்துல அத்தை பொண்ணு வீட்டுல இருக்கு.

உங்க வீட்டு சர்வர் ஹேங் ஆகுதுன்னா, ஹேங் ஆகியிருக்கிற அந்த நேரத்துல எடுத்த பிங், டி-மெசேஜ்ல கடைசி இருபது வரி, ஸ்மார்ட்ல 5, 197, 199 மூணு நம்பர், இவ்வளவையும் அனுப்புங்க. "ப்ரோ ஹேங் ஆகுது"ன்னு மட்டும் அனுப்பினா நானும் உங்களோட சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.